ஆப்பிரிக்கக் காட்டுயிர்ப் பயிற்சி: கால்நடை மருத்துவ மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இன்டர்ன்ஷிப் சமயத்தில் மூன்று வாரம் தென்னாப்பிரிக்காவில் இருந்தேன். லிம்போபோ மாகாணம், க்ரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய பகுதி. காட்டுயிர் மருத்துவர் ஒருவரின் குழுவோடு கூடவே சுற்றுவதுதான் பயிற்சி. ஊர் திரும்பியதிலிருந்து ஜூனியர்கள் போனிலும் நேரிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்தால் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கும் உதவும். கேள்விகளைப் பெரும்பாலும் அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

அக்கா, அங்கே போய் நிஜமாகவே என்ன வேலை செய்வோம்?

பெரும்பாலும் மூச்சை எண்ணுவோம்.

இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆனால் மயங்கிக் கிடக்கும் மிருகத்துக்குப் பக்கத்தில் மாணவருக்குக் கிடைக்கும் முக்கியமான வேலை அதுதான். என் முதல் காண்டாமிருகத்தின் மூக்குத்துவாரத்துக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தேன். சூடான காற்று கையில் மோதும். அப்புறம் ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று நேரில் உட்கார்ந்தால்தான் தெரியும். ஒவ்வொரு மூச்சுக்கும் நான் சத்தமாக "மூச்சு" என்று சொல்ல வேண்டும், மருத்துவர் தன் வேலையைப் பார்த்தபடியே காதை என் பக்கம் வைத்திருப்பார். "நீ சொல்லாமல் விட்டால் நான் வேலையை நிறுத்திவிடுவேன்" என்றார். இரண்டு டன் எடையுள்ள உயிர், அதன் மூச்சுக்கு நான் காவல். அந்த இருபது நிமிடத்தில் நான் கற்றதை எந்த வகுப்பிலும் கற்றதில்லை.

மற்றபடி மலக்குடலில் தெர்மாமீட்டர் வைப்பது, நாடி பார்ப்பது, காதில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பிடிப்பது, ரத்தம் எடுப்பது, உண்ணி சேகரிப்பது, கண்ணுக்கு மருந்து விட்டுத் துணி கட்டுவது, நேரத்தைக் குறித்து வைப்பது என்று வேலைகள் மாறிமாறி வரும். வேலை இல்லாத நாள்களும் உண்டு. காற்று அதிகம் வீசினால் ஹெலிகாப்டர் கிளம்பாது. அன்று மருந்துக் கணக்குப் போட்டுப் பழக வேண்டியதுதான்.

மயக்க ஊசித் துப்பாக்கியால் நாமே சுடலாமா?

மிருகத்தின் மேல் கூடாது. அட்டையில் வரைந்த இலக்கின் மேல், டார்ட்டில் (துப்பாக்கியிலிருந்து பாயும் ஊசியை அப்படித்தான் சொல்கிறார்கள்) தண்ணீர் நிரப்பி, எத்தனை முறை வேண்டுமானாலும் சுட்டுப் பழகலாம். இருபது மீட்டர், முப்பது மீட்டர் என்று தூரம் மாற மாற அழுத்தத்தை மாற்ற வேண்டும். அழுத்தம் கூடிவிட்டால் டார்ட் தசைக்குள் புதைந்து காயமாக்கிவிடும், குறைந்தால் விழுந்துவிடும். இதைப் பழகுவதற்கே இரண்டு நாள் போதாது. "மாணவர்களும் காட்டு மிருகத்தைச் சுடலாம்" என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தால், எனக்கு அந்த ஒரு வரியே அங்கே போக வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம்.

எம்-99 என்கிறார்களே, அது அவ்வளவு ஆபத்தா?

ஆபத்துதான். எம்-99 என்பது எட்டார்ஃபின் என்னும் மயக்க மருந்தின் வணிகப் பெயர். மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம். தென்னாப்பிரிக்காவில் கிடைக்கும் கரைசலில் ஒரு மில்லிக்கு 9.8 மில்லிகிராம் இருக்கிறது. வளர்ந்த வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு அரை மில்லியே அதிகம். அந்த மருந்தில் ஒரு துளி மனிதர் கண்ணிலோ கீறல் பட்ட கையிலோ விழுந்தால் மூச்சு நின்றுவிடலாம்.

அதனால் ஒவ்வொரு நாளும் காலையில் டார்ட் நிரப்புவதற்கு முன் ஒரு கூட்டம் நடக்கும். பக்கி வண்டியின் (பிக்கப் வண்டியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) பின்கதவை இறக்கி, அதன் மேல் ஒரு சிவப்புப் பெட்டியை வைப்பார் மருத்துவர். "நான் கீழே விழுந்தால் யார் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். ஒருவர் மாற்று மருந்தை எடுத்து ஊசி போட வேண்டும், ஒருவர் வாய்க்கவசப் பையால் மூச்சுக் கொடுக்க வேண்டும், ஒருவர் பட்ட இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், ஒருவர் ஹெலிகாப்டரை அழைக்க வேண்டும். பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுப்பார். தினமும் அதே கேள்வி, தினமும் முழுப் பதிலும் சொல்ல வேண்டும். யாரும் சலித்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மருந்துப் பக்கம் யாரும் போவதில்லை, தனியாக யாரும் டார்ட் நிரப்புவதில்லை.

மிருகத்துக்கு மாற்று மருந்து நால்ட்ரெக்ஸோன். வேலை முடிந்ததும் காது நரம்பில் ஏற்றினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் எழுந்து நின்றுவிடும். அதற்குள் நாம் எல்லோரும் வண்டிக்குள் இருக்க வேண்டும்!

காண்டாமிருகத்தின் கொம்பை வெட்டுவது பாவம் இல்லையா?

இந்தக் கேள்வி கேட்காத ஜூனியர் இல்லை. போவதற்கு முன் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். 2007-இல் தென்னாப்பிரிக்காவில் கொம்புக்காகக் கொல்லப்பட்டவை 13. 2014-இல் அதுவே 1,215. சில சமயம் மிருகம் உயிரோடு இருக்கும்போதே வேட்டைக்காரர்கள் அதன் முகத்தைக் கொத்தி அடியோடு கொம்பை எடுத்துப் போவார்கள். இந்த நிலையில்தான் பல காப்பகங்கள் தாமாகவே கொம்பை வெட்ட ஆரம்பித்தன. க்ரூகரையும் அதைச் சுற்றியுள்ள காப்பகங்களையும் சேர்த்து 11 இடங்களில் 2017 முதல் 2023 வரை கிடைத்த தகவலை வைத்து ஓர் ஆய்வு 2025-இல் வெளிவந்தது. கொம்பு வெட்டிய இடங்களில் வேட்டை 78 சதவீதம் குறைந்திருந்தது. அது முழுத் தீர்வு இல்லை. அடியில் மிஞ்சும் கட்டைக்காகக்கூடக் கொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 78 என்பது சின்ன எண் இல்லை.

நான் பார்த்தது இப்படி. காலை ஆறரை மணி, மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். ஹெலிகாப்டரிலிருந்து டார்ட் போட்டு ஆறேழு நிமிடத்தில் அந்தப் பெண் காண்டாமிருகம் முன்கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்க ஆரம்பித்தது. மருந்து ஏறியதற்கு அதுதான் அடையாளம். நான்கு பேர் ஓடிப்போய்க் கண்ணைக் கட்டினார்கள், காதில் துணியைச் சுருட்டி வைத்தார்கள். மூக்கில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். எட்டார்ஃபின் வெள்ளைக் காண்டாமிருகத்தின் மூச்சை மோசமாக அடக்கிவிடும் என்பதால் கொஞ்சம் பியூட்டார்ஃபனால் நரம்பில் போட்டார்கள். மூச்சு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆழமானது. அப்புறம்தான் சங்கிலி ரம்பம்.

கொம்பின் அடியில் உயிருள்ள பகுதி இருக்கிறது. அதற்கு மேலே விரலளவு விட்டுக் கோடு போட்டு வெட்டுகிறார்கள். கொம்பு நம் நகம் மாதிரி கெரட்டின், வெட்டினால் வலிக்காது, மறுபடி வளரும். அதனால் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வெட்ட வேண்டும். ரம்பம் ஓடும்போது வெள்ளைத் துருவல் பறக்கும், அசல் தேங்காய்த் துருவல் மாதிரியே இருக்கும். வாசனை மட்டும் முடி கருகிய வாசனை. கீழே விரித்த தார்ப்பாயில் விழுந்த துருவலைக்கூட விடாமல் கூட்டி எடுத்தார்கள். வெட்டிய கொம்பை எடை போட்டு, மைக்ரோசிப் வைத்து, மரபணு மாதிரி எடுத்துப் பையில் போட்டார்கள். அந்த மாதிரி பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவு இருக்கும் ஓண்டர்ஸ்டெபோர்ட்டுக்குப் போகும். நாளை எங்கேயாவது ஒரு கொம்பு பிடிபட்டால் எந்த மிருகத்தினுடையது என்று அங்கே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

பாவமா என்று கேட்டால், அந்தப் பாவம் கொம்பை விலை கொடுத்து வாங்குகிறவரைச் சேர்ந்தது என்றுதான் சொல்வேன். எழுந்து நின்ற அவள் தலையை ஒருமுறை உதறிவிட்டு நடந்து போனாள். பின்னாலேயே கன்று போயிற்று.

காண்டாமிருகத்தை ஹெலிகாப்டரில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்களாமே, உண்மையா?

உண்மை. வண்டி போக முடியாத மலைப்பகுதியிலிருந்து கறுப்புக் காண்டாமிருகங்களை வெளியே கொண்டுவர அதுதான் வழி. நான்கு காலையும் கட்டி, தலை கீழாக இருக்க, கொஞ்ச தூரம் தூக்கிப்போய் லாரி நிற்கும் இடத்தில் இறக்குவார்கள். மூச்சுத் திணறாதா என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே இருந்தது. நமீபியாவில் 12 கறுப்புக் காண்டாமிருகங்களைக் கிரேனில் தொங்கவிட்டு அளந்து பார்த்தார்கள். பக்கவாட்டில் படுக்க வைத்ததைவிடத் தொங்கும்போது ஆக்ஸிஜன் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. 2021-இல் அந்த ஆய்வு வந்தது. அதே வருடம், சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்ததால் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மிருகத்துக்கு எது நல்லது என்று அனுமானிக்காமல் அளந்து பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய பாடம். நான் இதை நேரில் பார்க்கவில்லை, பார்த்த மருத்துவர்கள் சொல்லக் கேட்டதுதான்.

யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றுக்கும் ஒரே முறைதானா?

இல்லவே இல்லை, போவதற்கு முன் இதைப் படித்துக்கொண்டு போங்கள்.

யானைக்கு நுரையீரல் மார்புச் சுவரோடு இணைந்திருக்கிறது. நம்மைப் போல நடுவில் இடைவெளி கிடையாது. நெஞ்சு தரையில் அழுந்த விழுந்தால் மூச்சு விட முடியாமல் போய்விடும். அதனால் விழுந்ததும் முதல் வேலை அதைப் பக்கவாட்டில் சாய்ப்பது. கயிறு கட்டி இழுப்பதற்கு வண்டி தயாராக நிற்கும். அடுத்து தும்பிக்கை. நுனி மடங்கி அடைத்துக்கொள்ளக் கூடாது, சின்னக் குச்சி ஒன்றை வைத்துத் திறந்து பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் நான் அந்தக் குச்சியைப் பிடித்திருந்தேன். காதையே மடித்துக் கண்ணுக்குப் போர்வையாகப் போட்டுவிடுவார்கள்.

ஒட்டகச்சிவிங்கிதான் எல்லோருக்கும் பயம். அவ்வளவு உயரத் தலைக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருப்பதால் ரத்த அழுத்தம் மற்ற பாலூட்டிகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை மயக்கத்தில் நீண்ட நேரம் வைத்திருக்க முடியாது. மருந்து ஏறித் தள்ளாடும்போதே குறுக்கே கயிறு பிடித்து விழ வைத்து, விழுந்த உடனே மாற்று மருந்தைப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் முழு விழிப்பில், கண் கட்டிய நிலையில். நாலைந்து பேர் கழுத்தின் மேல் உட்கார்ந்து தலையை எழவிடாமல் பிடிக்க வேண்டும். தலை எழுந்தால் உடம்பும் எழுந்துவிடும். நான் உட்கார்ந்த இடத்தில், என் தொடைக்குக் கீழே, அதன் நாடி துடிப்பது துணியைத் தாண்டித் தெரிந்தது.

சிங்கத்துக்கு எட்டார்ஃபின் கிடையாது, ஸோலெட்டில் போன்ற வேறு மருந்துகள். இரவில் இரையைக் கட்டிவைத்து, எருமை அலறும் ஒலியை ஒலிபெருக்கியில் போட்டுக் காத்திருப்பார்கள். மூன்று மணி நேரம் யாரும் பேசாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். சிங்கம் வரவில்லை.

மிருகங்கள் செத்துப் போகுமா?

போகும். இதை மறைத்துச் சொல்கிற எந்தப் பயிற்சியையும் நம்பாதீர்கள்.

பிடிக்கும்போது பயத்தாலும் ஓட்டத்தாலும் தசைகள் சிதைந்துபோவது ஒரு நோய். பிடிப்புத் தசைநோய் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பு சூடேறும், தசையில் அமிலம் சேரும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், சிறுநீரகம் கெடும். அங்கேயே விழலாம், பத்து நாள் கழித்தும் விழலாம். வந்த பிறகு சிகிச்சை பெரிதாகப் பலிப்பதில்லை, வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. குளிர்காலத்தில், விடியற்காலையில், குறைவாகத் துரத்திப் பிடிக்க வேண்டும். இம்பாலா, வைல்டபீஸ்ட், வரிக்குதிரை போன்றவற்றை மந்தையாகப் பிடிப்பதற்கு 1960களில் ஜான் ஓலோஃப்சே என்ற காட்டுயிர் பிடிப்பாளர் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் திரைகளைப் புனல் வடிவில் கட்டி, ஹெலிகாப்டரால் மெதுவாக உள்ளே ஓட்டி, ஒவ்வொரு திரையாகப் பின்னால் மூடிக்கொண்டே வந்து நேராக லாரியில் ஏற்றிவிடுவது. போமா என்று சொல்வார்கள். குதிரையில் துரத்திய பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இறப்பு வெகுவாகக் குறைந்தது இதனால்தான்.

அப்படியும் ஒரு நாள் ஓர் ஆண் நியாலா செத்தது. நியாலா என்பது உடம்பின் பக்கங்களில் வெள்ளைக் கோடுகளும் முதுகில் ரோமமும் உள்ள மான். வேலை தாமதமாகி வெயில் ஏறிவிட்டது. நான்தான் தெர்மாமீட்டரைப் பிடித்திருந்தேன். 41-ஐத் தாண்டி 42-ஐ நெருங்கியது. தண்ணீர் ஊற்றினோம், விசிறினோம், மாற்று மருந்து போட்டோம். எழவில்லை. குழுவில் முப்பது வருடம் தடம் பார்ப்பவராக வேலை செய்த ட்சோங்கா இனத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மருத்துவர் எங்களை அழைத்துப் பிரேதப் பரிசோதனையை அங்கேயே தொடங்கினார். தொடைத் தசை வேகவைத்த மீன் மாதிரி வெளுத்திருந்தது. அன்றைய மீதி வேலையை ரத்து செய்துவிட்டார். அந்த முடிவுக்காக அவர் மேல் என் மதிப்பு கூடியது.

அங்கே தனியார் நிலத்தில் காட்டு மிருகங்கள் இருக்கின்றனவாமே, அது எப்படி?

நமக்கு இது புரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இந்தியாவில் காட்டு விலங்கைத் தனியார் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. தென்னாப்பிரிக்காவில் 1991-இல் வந்த ஒரு சட்டப்படி, முறையாக வேலி போட்ட நிலத்தில் இருக்கும் விலங்குகளின் உரிமை வேலி தாண்டிப் போனாலும் நில உரிமையாளருக்கே. அதன் பிறகு மாட்டுப் பண்ணைகள் பல காட்டுயிர்ப் பண்ணைகளாக மாறின. சுற்றுலா, இறைச்சி, ஏலம், வேட்டை எல்லாம் அதில் உண்டு. வேலிக்குள் இருக்கும் மிருகங்களை இடம் மாற்றுவது, ஒரே ரத்தம் சேராமல் பார்ப்பது, விற்பதற்கு முன் நோய்ப் பரிசோதனை செய்வது என்று காட்டுயிர் மருத்துவர்களுக்கு வேலை குவிவதற்கு இதுதான் காரணம்.

இதில் எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஏலத்துக்காக மட்டும் வளர்க்கப்படும் மான்களுக்கு மயக்க ஊசி போடும்போது மனம் ஒட்டவில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நூறுக்கும் குறைவாக ஒரே பகுதியில் ஒடுங்கிவிட்ட தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் இன்று பதினைந்தாயிரத்துக்கும் மேல் இருக்கிறது. 1960களில் தென்னாப்பிரிக்காவின் உம்ஃபோலோசி காப்பகத்திலிருந்து காட்டுயிர்ப் பாதுகாவலர் இயன் ப்ளேயர் குழுவினர் மயக்க மருந்தின் துணையோடு அவற்றைப் பிடித்து வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பியதிலிருந்து அது தொடங்கியது. இன்று அவற்றில் பெரும்பங்கு தனியார் நிலங்களில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது? இணையத்தில் நூறு இருக்கிறதே.

பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள்: "மாணவர்கள் வராவிட்டாலும் இந்த மிருகத்துக்கு அன்று மயக்க மருந்து கொடுப்பீர்களா?"

நல்ல குழுவாக இருந்தால் சட்டென்று பதில் வரும். ஆமாம், இந்த யானைக்குக் கழுத்துப் பட்டை மாற்ற வேண்டும், அந்தக் காட்டுநாயின் கழுத்தில் கண்ணிக் கம்பி இருக்கிறது, இந்த எருமைகளை விற்பதற்கு முன் பரிசோதிக்க வேண்டும் என்பார்கள். அட்டவணையில் "மூன்றாம் நாள் சிங்கம், நான்காம் நாள் சிறுத்தை" என்று போட்டிருந்தால் அந்த மிருகங்கள் உங்களுக்காக மயக்கப்படுகின்றன என்று அர்த்தம். மயக்கம் என்பது ஒவ்வொரு முறையும் உயிரோடு விளையாடுவது. அந்த நியாலாவைப் பார்த்த பிறகு இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நாம் படிப்பதற்காக ஒரு காட்டு மிருகம் அந்த ஆபத்துக்கு உள்ளாகக் கூடாது. அதற்குத் தேவையான வேலை நடக்கும்போது நாம் பக்கத்தில் இருந்து படித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதனால் மூன்று வாரத்தில் இரண்டே காண்டாமிருகம் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். பரவாயில்லை.

இன்னொன்று, சிங்கக்குட்டிகளுக்குப் பால் புகட்டலாம், கொஞ்சலாம் என்று அழைக்கும் இடங்களுக்குப் போகவே போகாதீர்கள். குட்டிகளைத் தாயிடமிருந்து சில நாளிலேயே பிரித்துத்தான் அங்கே கொண்டுவருகிறார்கள். வளர்ந்த பிறகு அவற்றைக் காட்டில் விட முடியாது. அடைத்த வேலிக்குள் வேட்டைக்காரர்களுக்கு விற்கப்படுவதும், எலும்புக்காகக் கொல்லப்படுவதும் தென்னாப்பிரிக்காவில் நீண்ட நாளாக விவாதத்தில் இருக்கும் விஷயம்.

நோய்கள் பற்றி என்ன படித்துக்கொண்டு போக வேண்டும்?

நம் பாடத்தில் இருப்பவைதான், மிருகம் மட்டும் வேறு. கோமாரி, அடைப்பான், காசநோய், கருச்சிதைவு நோய், உண்ணி பரப்பும் தைலேரியா, வெறிநோய்.

கேப் எருமையை நன்றாகப் படியுங்கள். க்ரூகர் எருமைகள் கோமாரி வைரஸைத் தொண்டையில் வைத்துக்கொண்டு எந்த அறிகுறியும் இல்லாமல் சுற்றும். வேலிக்கு வெளியே ஒரு மாட்டுக்குத் தொற்றினால் இறைச்சி ஏற்றுமதியே நின்றுவிடலாம். அதனால்தான் அந்த வேலி வெறும் வேலி இல்லை, நோய்க்கான எல்லைக்கோடு. கோமாரி, காசநோய், கருச்சிதைவு நோய், எருமையிலிருந்து மாட்டுக்குத் தாவும் தைலேரியா ஆகிய நான்கும் இல்லை என்று சான்று பெற்ற எருமைக்கு விலையே தனி. காசநோய்ப் பரிசோதனைக்குக் கழுத்துத் தோலில் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்க வேண்டும். அதாவது அதே எருமைகளை இரண்டு முறை மயக்க வேண்டும். காலிப்பர் பிடித்து அளக்கும் வேலை மாணவர்களுக்குத் தருவார்கள். க்ரூகரில் மாடுகளிடமிருந்து எருமைக்கு, எருமையைத் தின்ற சிங்கத்துக்கு என்று காசநோய் ஏறிப்போயிருக்கிறது.

வெக்கை நோயின் கதையையும் படியுங்கள். 1880களின் கடைசியில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கிய அந்த நோய் பத்தே வருடத்தில் தென்முனை வரை போய் மாடுகளையும் எருமைகளையும் வாரிக்கொண்டு போனது. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த மாடுகளோடு வந்ததாகத்தான் சொல்கிறார்கள். 2011-இல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். மனிதர்களின் பெரியம்மைக்குப் பிறகு முழுதாக ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய். நம் தொழிலுக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா!

தடுப்பூசி, விசா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், முன்கூட்டியே ஆரம்பியுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். கல்லூரியில் போட்டிருந்தால் எதிர்ப்புச் சக்தி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த நோய் இருக்கும் நாடு வழியாக மாறிப்போய், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் சான்றிதழ் கேட்பார்கள். டிக்கெட் போடும்போதே பாருங்கள். க்ரூகர் பகுதியில் மலேரியா உண்டு, மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உண்ணி கடித்துக் காய்ச்சல் வருவதும் சகஜம். கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு இருந்தால் சும்மா விடாதீர்கள். ஆறு, குளத்தில் இறங்க வேண்டாம், நத்தைக் காய்ச்சல் என்னும் ஒட்டுண்ணி நோய் அங்கே இருக்கிறது.

சாப்பாடு எப்படி அக்கா? நான் சைவம்.

சமாளிக்கலாம். மக்காச்சோள மாவில் பாப் என்று ஒன்று கிண்டுவார்கள். பார்க்கவும் சாப்பிடவும் நம் களிதான், நிறம் மட்டும் வெள்ளை. தக்காளி வெங்காயக் குழம்போடு கையால் சாப்பிடுவார்கள். நான் கையால் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்து அந்தத் தடம் பார்க்கும் பெரியவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவரிடம்தான் ட்சோங்கா மொழியில் காலை வணக்கத்துக்கு "அவுஷேனி", நன்றிக்கு "இன்கோமு" என்று கற்றுக்கொண்டேன். இந்த இரண்டு சொல்லும் எனக்குப் பல கதவுகளைத் திறந்தன. ஊறுகாய் பாட்டில் ஒன்று எடுத்துப்போங்கள்.

ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். பிடிக்கும் வேலையெல்லாம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குளிரில்தான். திறந்த வண்டியில் அதிகாலை ஐந்து மணிக்குப் பல் கிட்டும்.

போட்டோ எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். காண்டாமிருகப் படத்தை இடக்குறிப்போடு எங்கேயும் போடாதீர்கள். வேட்டைக்காரர்களும் அதையெல்லாம் பார்க்கிறார்கள். எங்கள் குழுவில் வேலை தொடங்கும் முன் எல்லோருடைய போனிலும் இருப்பிடம் காட்டும் வசதியை (லொகேஷன்) அணைக்கச் சொல்வார்கள். மூச்சு எண்ணும் வேலை உங்களிடம் இருந்தால் போன் பையிலேயே இருக்கட்டும்.

திரும்பி வரும்போது?

இறகு, எலும்பு, முள்ளம்பன்றி முள் எதுவும் வேண்டாம், கீழே கிடந்து எடுத்தாலும் சட்டச் சிக்கல். பூட்ஸை அங்கேயே தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் நனைத்துக் காயவைத்து எடுத்து வாருங்கள். ஊர் வந்ததும் ஒரு வாரமாவது மாட்டுத் தொழுவம் பக்கம் போக வேண்டாம். வீட்டில் மாடு இருந்தால் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அங்கே கற்றது இங்கே எதற்காவது உதவியதா? நம் பக்கம் காண்டாமிருகமும் இல்லை, எட்டார்ஃபினும் எளிதில் கிடைப்பதில்லையே.

அது சரிதான், இங்கே யானைக்கும் புலிக்கும் பெரும்பாலும் சைலசினும் கெட்டமினும்தான். சிவிங்கிப்புலிகள் 2022-இல் நமீபியாவிலிருந்து 8, 2023-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 என்று மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்த பிறகு இரு நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து வேலை செய்வது கூடியிருக்கிறது. ஆனால் அதெல்லாம் எல்லோருக்கும் வாய்க்காது.

எனக்கு உதவியது வேறு. நான் இப்போது இருக்கும் கால்நடை மருந்தகம் மலையடிவாரத்தில் இருக்கிறது. போன வருடம் கோடையில் நாய்கள் துரத்திய புள்ளிமான் ஒன்றை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். காலில் சின்னக் காயம்தான். சுற்றிலும் முப்பது பேர், ஆளுக்கொரு போன், ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். புள்ளிமானுக்குப் பயமே எமன். காயத்தைத் தொடவில்லை நான். துப்பட்டாவை எடுத்துக் கண்ணைக் கட்டினேன், பஞ்சை உருட்டிக் காதில் வைத்தேன். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறிக்கு அடியில் ஈரத்துணி போட்டு, நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்தேன். உடம்பு 41-க்கு மேல் கொதித்தது. உதவியாளர் அண்ணன் "தையல் போடலையா மேடம்?" என்று கேட்டார். "அப்புறம் போடலாம் அண்ணே, முதலில் சத்தமில்லாமல் இருப்போம்" என்றேன்.

மூக்குக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து எண்ண ஆரம்பித்தேன். நாற்பது நிமிடத்தில் சூடு இறங்கியது. சாயங்காலம் வனத்துறையினர் வந்து கூடையில் வைத்து இருட்டறைக்கு எடுத்துப் போனார்கள். பத்து நாள் கழித்து வனக்காவலர் போன் செய்து, காட்டில் விட்டுவிட்டோம் மேடம் என்றார்.